நான்கு கட்டங்களில் ஒரு குழந்தை: வளர்ச்சிக் குறிப்பு எழுதுவதில் ஓர் ஐயம்

கேள்வி: தளர்நடை

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ச்சிக் குறிப்பு எழுதிப் பெற்றோரிடம் தர வேண்டும். அந்தப் படிவத்தில் உடல், அறிவு, சமூகம், உணர்வு என்று நான்கு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் ‘முன்னேற்றம்’, ‘மாற்றமில்லை’, ‘பின்னடைவு’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

என் பொறுப்பில் உள்ள ஓர் ஆண் குழந்தைக்கு இப்போது 13 மாதம். மூன்று வாரங்களுக்கு முன்புதான் பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கினான். அதற்கு முன்பு உட்கார வைத்த இடத்திலேயே அட்டைப்பெட்டிகளை உருட்டிக்கொண்டிருப்பான். தாய் விட்டுவிட்டுப் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டியில் மூழ்கிவிடுவான். இப்போது அறையின் மறுகோடியில் இருக்கும் அலமாரி வரை போய், ஒரு டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி என்னிடம் வந்து நீட்டுகிறான். நான் அதை வாங்கி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லும் வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. சொன்னதும் மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அலமாரிக்கே போகிறான். ஒரு நாள் காலையில் மட்டும் அதே மூடி பதினொரு முறை என் கைக்கு வந்தது.

ஆனால் அதே மூன்று வாரங்களில், தாய் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். பகல் தூக்கத்தில் இடையிடையே விழித்து அழுகிறான். முன்பு சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் புதிதாக எதுவும் வரவில்லை. நெடுநேரம் யோசித்து, உடலில் முன்னேற்றம், அறிவில் மாற்றமில்லை, சமூகத்தில் முன்னேற்றம், உணர்வில் பின்னடைவு என்று குறித்துக் கொடுத்தேன். மாலையில் தாய் அதைப் படித்ததும் முகம் வாடி, “வீட்டில் நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூடியைக் கொண்டுவந்து தருவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இந்த நான்கும் உண்மையிலேயே தனித்தனியானவையா? ஒன்று முன்னே போகும்போது மற்றொன்று பின்தங்குவது இயல்புதானா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கரும்பலகை

வணக்கம் தோழி. மழலையர் வகுப்புகளில் நெடுங்காலம் பணியாற்றி, இப்போது புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. நான்கு கட்டங்கள் பார்க்கிற நமக்காகப் போடப்பட்டவை. குழந்தைக்குள் அப்படிப்பட்ட கோடுகள் இல்லை.

மூடியிலிருந்தே தொடங்குகிறேன். தவழும் குழந்தைக்குக் கைகள் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும். பார்வையும் பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கைகளுக்கு விடுதலை கிடைக்கிறது, எதிரே இருப்பவரின் முகம் கண்ணுக்குப் படுகிறது. ஆகவே தொலைவில் கிடக்கும் பொருளை எடுத்து, தொலைவில் இருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்ற செயல் அப்போதுதான் எளிதாகிறது. 13 மாதக் குழந்தைகளில் நடப்பவர்களையும் இன்னும் தவழ்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இதையே கண்டார்கள்: தவழ்பவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே பொருளைத் தூக்கிக் காட்டினார்கள், நடப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு தாயைத் தேடி வந்தார்கள். தாய்மார்களின் பதிலும் அதற்கேற்ப மாறியது. தேடிக் கொண்டுவந்து தரும் குழந்தையிடம் “திற”, “உருட்டு” என்று அந்தப் பொருளை வைத்து ஏதாவது செய்யச் சொல்லும் பேச்சு மிகுதியாக இருந்தது. காலில் தொடங்கிய மாற்றம் காதுக்கு வந்து சேரும் சொற்கள் வரை போகிறது என்றால், இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது? நான்கிலும் எழுதலாம் என்பதுதான் நேர்மையான பதில்.

அந்த நடைக்கு அவன் கொடுக்கும் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். கேரன் அடால்ஃப் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடுவதைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்து, 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள், 17 விழுதல்கள். நாள் முழுவதும் விழுந்து எழும் ஒருவனுக்குத் தூக்கம் கலைவதில் வியப்பில்லை. தவழத் தொடங்கும் காலத்திலும் சில குழந்தைகளுக்கு இரவில் விழிப்பு கூடுவதைக் கவனித்திருக்கிறார்கள்.

இனி, நீங்கள் பின்னடைவு என்று குறித்த அழுகை. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்னும் அறிவு குழந்தைக்குப் பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை என்றார் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. ஏறத்தாழ எட்டு மாதத்தில்தான், துணியால் மூடிய பொம்மையைத் துணியை விலக்கித் தேடத் தொடங்குகிறார்கள். தாய் கதவுக்கு அப்பால் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்தவனால்தான், அவர் இங்கே இல்லை என்று அழ முடியும். போனவர் எப்போது வருவார் என்று கணக்கிடும் திறன் அவனுக்கு இன்னும் வரவில்லை; அந்த இடைவெளியில்தான் இந்த அலறல் பிறக்கிறது. பிரிவுக்கு அஞ்சி அழுவது பெரும்பாலான குழந்தைகளிடம் 10 முதல் 18 மாதம் வரையிலான காலத்தில்தான் உச்சத்தில் இருக்கும். போதாக்குறைக்கு, இப்போது தானாகவே தாயை விட்டு விலகிப் போகக் கால்களும் வந்துவிட்டன. விலகிப் போக முடிகிறவனுக்குத்தான் திரும்பி வர ஓர் இடம் தேவைப்படுகிறது. இதற்குப் பின்னடைவு என்று பெயர் சூட்டியதுதான் அந்தத் தாயைக் கலங்க வைத்திருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன படிவத்தின் குறை அது.

பின்னடைவு என்று தோன்றுவது உண்மையில் வேறொன்றாக இருக்கலாம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. பிறந்த குழந்தையைத் தூக்கிப் பாதம் தரையில் படும்படி நிறுத்தினால் நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாதம் ஆகும்போது அது நின்றுவிடும். மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1980களில் எஸ்தர் தெலன் என்பவர், நடப்பதை நிறுத்திவிட்ட குழந்தைகளை மார்பளவு நீரில் பிடித்துக்கொண்டார். கால்கள் மறுபடியும் அடியெடுத்து வைத்தன! அந்த இரண்டு மாதங்களில் கொழுப்புச் சேர்ந்து கால்கள் கனத்துப்போயின. தூக்கும் வலிமை அதற்கு ஈடாகக் கூடவில்லை, அவ்வளவுதான். திறன் போய்விடவில்லை, எடைக்குக் கீழே ஒளிந்திருந்தது. எந்தக் கட்டத்திலும் கீழ்நோக்கிய குறி போடுவதற்கு முன்பு எனக்கு அந்த நீர்த்தொட்டி நினைவுக்கு வரும்.

மறுமொழி 2: குழந்தைநல மருத்துவர்

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் கட்டங்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. கலகலப்பாகச் சிரித்து, ஓடியாடி, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் ஒரு குழந்தை இரண்டு வயதில் பேசாமல் இருந்தால், அந்தக் கலகலப்பே பேச்சின்மையை மறைத்துவிடும். தனியாக ஒரு கட்டம் இருந்து, அது மாதாமாதம் வெறுமையாகவே கிடந்தால்தான் யாராவது ஒருவருக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கத் தோன்றும். பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. ‘கூப்பிட்டால் திரும்புகிறதே’ என்பது அதற்கு மாற்றாகாது.

இயல்பின் எல்லை எவ்வளவு அகலமானது என்பதைப் பெற்றோரிடம் எண்களாகவே சொல்லிவிடுவது என் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல ஊட்டமும் உடல்நலமும் உள்ள 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்திருந்தது. அதாவது, ஒரே நாளில் பிறந்த இரு குழந்தைகளில் ஒன்று மற்றொன்றைவிட ஒன்பது மாதம் பிந்தி நடந்தாலும் இரண்டும் இயல்பானவையாகவே இருக்கலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, அவர்களும் நடந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரையிலாவது, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணியே எதையும் ஒப்பிட வேண்டும். இதை மறந்துவிட்டு வருந்தும் பெற்றோரை அடிக்கடி காண்கிறேன்.

உடல் வளர்ச்சியிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. முதல் ஆண்டில் எடை ஏறத்தாழ மும்மடங்காகிறது, நீளம் 50 செ.மீ. அளவிலிருந்து 75 செ.மீ. ஆகிறது. அந்த வேகம் இரண்டாம் ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடுகிறது; பசியும் கூடவே குறைகிறது. அதே நேரத்தில் ‘வேண்டாம்’ என்று தலையாட்டவும் குழந்தை கற்றுக்கொண்டிருப்பதால், வளர்ச்சியின் வேகக் குறைவை அடம் என்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளையைப் போர்க்களமாக்கிவிடுகிறார்கள்.

தளர்நடை அவர்களே, உங்கள் குழந்தையைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்துவது எதுவுமில்லை. பொருளைக் கொண்டுவந்து நீட்டி, உங்கள் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்பது நான் கேட்க விரும்பும் செய்திகளில் முதன்மையானது. புதிய சொற்கள் வரவில்லை என்பதும் 13 மாதத்தில் பொருட்டல்ல. எவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 12 மாதம் ஆகியும் மழலை ஒலிகளோ சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகளோ இல்லாவிட்டாலும், 16 மாதம் வரை ஒரு சொல்கூட வராவிட்டாலும், 18 மாதத்தில் நடக்காவிட்டாலும், இரண்டு வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாவிட்டாலும், ஒரு வயது நிறைவதற்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, எந்த வயதிலும், முன்பு இருந்த சொல்லோ சைகையோ முகம் பார்க்கும் வழக்கமோ மறைந்துபோவது. ‘பின்னடைவு’ என்ற சொல்லை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். அழுகைக்கெல்லாம் அதைச் செலவழித்துவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

மறுமொழி 3: மூன்று பிள்ளைகளின் தந்தை

நான் இத்துறையில் கற்றவன் அல்லன். வீட்டில் மூன்று பேரை வளர்த்தவன். கரும்பலகை அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அழுகைக்குச் சரியான பெயர் கண்டுபிடித்துவிட்டதால் காலை எட்டு மணிக்குக் கதவருகே நடப்பது மாறிவிடாது. அதனால் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மூத்தவள் இதே வயதில் இதே போல அழுதபோது, அவள் வேறு பக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து நழுவிவிடுவேன். கதவருகே அழுகை நின்றது. பதிலுக்கு நாள் முழுவதும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள் என்று அவளைப் பார்த்துக்கொண்டவர் சொன்னார். யார் எப்போது மறைவார்கள் என்று தெரியாத நிலையில் விளையாட்டில் மனம் எப்படிச் செல்லும்? பிறகு இரண்டாமவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு, கன்னத்தைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்பினேன். அழுதான், ஆனால் படி இறங்குவதற்குள் அடங்கிவிடும்.

நான்கும் ஒன்றுக்குள் ஒன்று என்பதைப் பிள்ளைகள் சற்று வளர்ந்த பிறகு நான் இன்னும் தெளிவாகப் பார்த்தேன். எங்கள் மகள் மூன்று வயதில் ஒளிந்து விளையாடும்போது திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்களை இறுக மூடிக்கொள்வாள். பாதங்கள் இரண்டும் வெளியே தெரியும். நாலரை வயதில் ஒரு நாள், அதே திரைச்சீலையின் கீழே செருப்புகளை மட்டும் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று என்னை வேடிக்கை பார்த்தாள். நானும் ஏமாந்து திரையை விலக்கினேன். அவளுக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் வேறு வேறு என்பது அவளுக்கு விளங்கிவிட்டது! அந்த மாதத்திலேயே முதல் பொய்யும் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே அறிவு வந்த பிறகுதான், தம்பிக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு பரிசு செய்து ஒளித்துவைக்கவும், அவன் முகம் எப்படி மலரும் என்று முன்கூட்டியே எண்ணி மகிழவும் அவளால் முடிந்தது.

இரண்டாமவன் வேறு வகை. சட்டைப் பொத்தான் போடும்போது “இது இங்கே, இல்லை, அது மேலே” என்று தனக்குத் தானே பேசிக்கொள்வான். தனியாகப் பேசுகிறானே என்று அஞ்சினோம். பிறகு அவன் கோபத்தில் கட்டைகளைத் தள்ளிவிடப்போய், கை பாதியில் நின்று, “தள்ளக் கூடாது, முதலில் சொல்லு” என்று முணுமுணுத்ததைக் கேட்டேன். நாங்கள் அவனிடம் சொல்லிவந்த அதே வாக்கியம், அதே குரல். கற்றறிந்தவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

மறுமொழி 4: கரும்பலகை

நண்பரே, நழுவிச் செல்வது பற்றி நீங்கள் எழுதியதை என் பயிற்சி வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன். நான் எழுதத் தவறிய பகுதி அது.

உங்கள் மகளின் செருப்புத் தந்திரத்தை ஆய்வுக்கூடத்தில் 1983இலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அது இடம் மாற்றப்படுகிறது. திரும்பி வந்து எங்கே தேடுவான் என்று குழந்தையிடம் கேட்கிறார்கள். மூன்று வயதினர் பெரும்பாலும் பொருள் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். நான்கு வயதையொட்டி, அவன் வைத்த இடத்தைக் காட்டத் தொடங்குகிறார்கள். முதல் பொய்க்காக வருந்த வேண்டாம்.

மகனின் முணுமுணுப்பு போன்ற பேச்சைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி விரிவாக எழுதியிருக்கிறார். பிறர் குழந்தையிடம் பேசியது, குழந்தை தனக்குத் தானே உரக்கப் பேசுவதாக மாறி, பின்னர் முணுமுணுப்பாகத் தேய்ந்து, கடைசியில் ஒலியில்லாத உள்பேச்சாகிறது என்பது அவர் கருத்து. கடினமான வேலையில் இந்தப் பேச்சு கூடும் என்பதையும் அவர் கவனித்தார். அவன் கையைப் பாதியில் நிறுத்தியது உங்கள் வீட்டில் ஒலித்த வாக்கியம்தான்.

தளர்நடை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. தாயிடம் மருத்துவர் சொன்ன எண்களையும், மூடி பதினொரு முறை வந்த கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வீட்டில் அவன் செருப்பைக் கொண்டுவந்து தருகிறான் என்று சொன்னார். படிவத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் குறிகளுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் இப்படி எழுதினேன்: “மூன்று வாரமாக நடக்கிறான். தொலைவிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்து காட்டி, பதில் சொல்லும் வரை காத்திருக்கிறான். தாய் பிரியும்போது முன்பைவிட அழுகிறான். ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் மடியில் அமர்ந்து அடங்குகிறான். இது இவ்வயதில் எதிர்பார்ப்பதே. புதிய சொற்களை அடுத்த மாதமும் கவனிப்போம்.” உணர்வுக் கட்டத்தில் இருந்த குறியை அடித்துவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அடுத்த அறையில் இருக்கும் இரண்டரை வயதுப் பெண் குழந்தை எப்போதும் மற்றவர்களுக்கு அருகில் உட்கார்ந்து விளையாடுகிறாள். ஆனால் யாருடனும் சேர்ந்து விளையாடுவதில்லை. அவளுடைய சமூகக் கட்டத்தில் என் சக பணியாளர் ஆறு மாதமாக ‘மாற்றமில்லை’ என்றே எழுதிவருகிறார். இது கவலைக்குரியதா?

மறுமொழி 5: கரும்பலகை

அருகருகே அமர்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது இரண்டரை வயதுக்கு முற்றிலும் பொருத்தமானது. மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது இதற்கென்றே ஒரு வகையை வைத்தார். ஒன்றாகத் திட்டமிட்டு, ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டு ஆடுவது மெல்ல மெல்ல, மூன்று நான்கு வயதில்தான் கூடிவரும். அதுவரை பக்கத்தில் இருப்பவரின் கைகளைப் பார்ப்பதுதான் சேர்ந்து விளையாடுவதன் முதல் பாடம். பக்கத்துப் பிள்ளை கட்டையை நிமிர்த்தி வைத்தால் இவளும் சிறிது நேரம் கழித்து நிமிர்த்தி வைக்கிறாளா, ஒருவர் அழுதால் விளையாட்டை நிறுத்திப் பார்க்கிறாளா, தன் பொம்மையை யாராவது எடுத்தால் உங்கள் முகத்தைத் தேடுகிறாளா என்று ஒரு வாரம் கவனிக்கச் சொல்லுங்கள். இவற்றில் எதுவுமே இல்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை என்றால் மருத்துவர் மேலே எழுதியதைப் படித்துவிட்டுப் பெற்றோரிடம் பேசலாம். இருக்கிறது என்றால், ‘மாற்றமில்லை’ என்பதை அடித்துவிட்டு, யாருடைய கையைப் பார்த்து எதைச் செய்தாள் என்பதை எழுதச் சொல்லுங்கள்.